புகையிலைக் குடியானவர்களும் ஒப்பந்தச் சாகுபடியும்

(மீஞ்சூரில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

  

சென்ற மாதம் தணிக்கைக்காக நான் இவ்வூருக்கு வந்திருந்தபோது நமது அங்கத்தினர் மூவர் ஒரு காகிதத்தைக் கொணர்ந்து என் கையில் கொடுத்து, இதில் கையெழுத்திடலாமா என்று கேட்டார்கள். அது வெண்டைக்காய்ச் சாகுபடிக்கான ஓர் ஒப்பந்தம். விதை, உரம், மருந்து யாவற்றையும் கொள்வோரே முன்னதாகக் கொடுப்பார். விளைந்த காயை அவரே எடுத்துக்கொள்வார். கொடுத்த சாமான்களின் கிரயத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத் தொகையைப் பட்டுவாடா செய்வார். நான்கு பக்கமுள்ள அந்தக் காகிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு மாதம் தவணை கேட்டேன். இன்று பேசவிருப்பதே அதற்கு என் பதிலாகும்.

வெண்டைக்காயைப் பற்றிக் கேட்டால் புகையிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். மீஞ்சூரைச் சுற்றி நெல்லும் கடலையும் காய்கறியும் உண்டேயன்றிப் புகையிலை கிடையாது. அதைப் பயிரிடும்படி உங்களுக்கு நான் யோசனை சொல்லவும் இல்லை. மனிதர் உடம்பைக் கெடுக்கும் வஸ்து அது என்பதில் இன்று எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆயினும், ஒரே ஒரு கொள்வோரை நம்பி, அவர் கொடுத்த முன்பணத்தில் பயிர் செய்து, அவர் சொன்ன தரத்துக்கு அவரிடமே விற்பது என்னும் ஏற்பாட்டின் நன்மையையும் தீமையையும் நூறு வருஷங்களுக்கு மேலாகத் தங்கள் உடம்பில் அனுபவித்து அறிந்தவர்கள் புகையிலைக் குடியானவர்களே. அவர்களுடைய அனுபவத்தைக் கேட்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமது ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே ஓடும் ரயில் கூடூர், நெல்லூர் வழியாகச் சென்று, அன்றைக்கே ஓங்கோலையும் சீராலாவையும் அடைந்துவிடுகிறது. அவ்விடமெல்லாம் புகையிலைச் சீமை.

எனக்கும் அந்தப் பயிருக்கும் சொந்தத்திலே ஒரு தொடர்பு உண்டு. என் தகப்பனார் வேதாரணியத்துப் பக்கத்தில் மெல்லும் புகையிலை பயிரிட்டவர். நிலம் அரை ஏக்கருக்கும் குறைவு. கொழுந்து கிள்ளுவதும், பக்கத்தில் வெடிக்கும் கிளைகளை ஒடிப்பதும், இலையை வெட்டி வாட்டிப் பாடம் செய்வதும் வீட்டிலுள்ள அனைவருக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கும் அதுதான் வேலை. கையெல்லாம் பிசுபிசுவென்று கறுத்துப்போகும். சில நாட்களில் தலை சுற்றி வாந்தியும் வரும். ஈர இலையிலுள்ள நஞ்சு தோல் வழியாக உடம்பில் ஏறுவதால் அவ்விதம் நேரிடுகிறதென்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

ஒரு வியாபாரி ஆடி மாதத்திலேயே முன்பணம் கொடுத்துவிடுவார். சரக்கு எடுக்க அவருடைய ஆள் வரும் நாளில் வீட்டில் எவரும் உரக்கப் பேசமாட்டோம். அந்த ஆள் சிப்பத்துக்குள் கையை விட்டு இலையைக் கசக்கிப் பார்த்து, "ஈரம் அதிகம்" என்பான். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழியும். மறுவருஷம் நன்றாக உலர்த்திவைத்தால், "இலை நொறுங்குகிறது, தூள் அதிகம்" என்பான். அதற்கும் ஒரு கிலோ கழியும். இரண்டு வருஷமும் நிறுத்த தராசு அவனுடையதே. வேறொருவருக்கு விற்கலாமே என்று நான் ஒரு தரம் கேட்டேன். "பணம் வாங்கித் தின்றாகிவிட்டதே, அப்பா" என்றார் தகப்பனார். அவர் கடைசிவரையில் கடனாளியாகவே இருந்தார். எவ்வளவு கடன் என்பதும் அவருக்குத் தெரியாது. கணக்கு வியாபாரியின் நோட்டில் இருந்தது.

இதைச் சொல்வது அந்த வியாபாரியைத் தூஷிப்பதற்காக அன்று. அவ்விலையின் சுபாவத்தை நீங்கள் அறியவேண்டும். பாடம் செய்த புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெயில் பட்டால் இழக்கும். காலையில் நிறுத்த சிப்பம் மாலையில் அதே எடை இராது. ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். குறைந்தால் இலை உடையும். ஆகவே கழிவு கேட்பதற்கு வாங்குகிறவருக்கு நியாயமான காரணம் எப்பொழுதும் ஒன்று இருக்கும். அந்த நியாயம் எவ்வளவு என்று அளப்பது யார் என்பதிலேதான் வழக்கு. விலையைக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். நிறுவையும் தரமும் ஒருவர் கைக்குள்ளேயே இருந்தால் எழுதின விலைக்குப் பொருள் என்ன?

இப்பொழுது குண்டூர்ச் சீமைக்கு வருவோம். சிகரெட்டுக்கு வேண்டிய வர்ஜீனியா இலையை இந்நாட்டிலேயே விளைவிக்கவும் வாங்கவும் 1912-ம் வருஷத்தில் இந்தியன் லீப் டொபாக்கோ டெவலப்மெண்டு கம்பெனி ஏற்பட்டது. அக்காலத்தில் குண்டூர் நமது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஜில்லா. 1920-களில் வர்ஜீனியாப் பயிர் அங்கே வேரூன்றிப் பரவிற்று. கம்பெனியார் விதை கொடுத்தார்கள். நாற்றங்கால் போடவும், உஷ்ணக் குழாய்கள் வைத்த கொட்டகையில் இலையை உலர்த்தவும் கற்றுக்கொடுத்தார்கள். இது மெய்யான உபகாரம், மறைக்கக்கூடாது. அதற்குமுன் அந்தக் கரிசல் பூமி அவ்வளவு பணத்தைக் கண்டதில்லை.

ஆனால் ஒடித்த பச்சை இலை காத்திராது. தாமதமின்றிக் கொட்டகையில் ஏற்றி ஏறக்குறைய ஒரு வாரம் அளவான சூடு காட்டவேண்டும். அதற்கு விறகு வேண்டும், ஆள் வேண்டும். எல்லாவற்றிற்கும் முதலில் பணம் வேண்டும். பணத்தைப் போட்டுவிட்ட குடியானவன் இலையை விற்றே தீரவேண்டும். வாங்குகிறவர்களோ சிலர். அவர்கள் சொன்னதே தரம், கொடுத்ததே விலை. பட்டுவாடாவும் மாதக்கணக்கில் தாமதித்தது. ஒருநாள் இருநாள் அல்ல; அறுபது வருஷங்களுக்கு மேல் இவ்விதம் நடந்தது.

இதன் பிறகே 1975-ம் வருஷத்தில் புகையிலை வாரியச் சட்டம் நிறைவேறி, 1976 ஜனவரி 1 முதல் குண்டூரைத் தலைமை ஸ்தலமாகக் கொண்டு புகையிலை வாரியம் வேலை தொடங்கியது. வாரியம் 1984-ல் கர்நாடகத்திலும் அடுத்த வருஷம் ஆந்திரத்திலும் வர்ஜீனியா இலைக்கு ஏலத்தை ஏற்படுத்திற்று. இவ்வேலத்தில் நமது கவனத்துக்குரிய விஷயங்கள் சில உண்டு. பேல்களை நிறுப்பது வாரியத்தின் தராசு. தரம் சொல்வது வாரியத்தின் ஆள். வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தளத்தில் நின்று போட்டியிட்டு விலை கேட்கவேண்டும். கேட்ட விலை பிடிக்காவிட்டால் குடியானவர் தன் பேலை விற்க மறுத்துத் திரும்ப எடுத்துச் செல்லலாம். வேறொரு நாள் கொண்டுவரலாம். என் தகப்பனாருக்கு இல்லாமலிருந்தது இந்த மறுக்கும் உரிமையே.

ஏலம் வந்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். வாங்குகிறவர்கள் சிலராகவே இருக்குமிடத்தில் ஏலக் கூச்சலும் சில சமயம் அடங்கிவிடுகிறது. 2015-ம் வருஷத்தில் விலை வீழ்ந்தபோது பிரகாசம் ஜில்லாவில் புகையிலைக் குடியானவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் குத்தகை நிலத்தில், உலர்த்தும் கொட்டகைக்கும் வாடகை கொடுத்துப் பயிரிட்டவர்கள். வாரியம் இருந்தது, ஏலமும் இருந்தது. கடன் அவற்றிற்கு வெளியே இருந்தது.

வாரியத்தின் ஏலம் வர்ஜீனியா இலைக்கே உரியது. பர்லி என்னும் வேறொரு ஜாதிப் புகையிலைக்கு அது கிடையாது. இந்தப் பர்லியைப் பயிரிட்டால் வாங்கிக்கொள்கிறோம் என்று கம்பெனிகளின் ஆட்கள் கிராமங்களில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, நல்ல விலையைக் கண்ட ஆசையில் ஆந்திரத்துக் குடியானவர்கள் ஏராளமாகப் பயிரிட்டார்கள். 2025-ல் சரக்குக் குவிந்தது, விலை சரிந்தது, வாக்குக் கொடுத்தவர்களைக் காணவில்லை. கடைசியில் அந்த மாநில சர்க்கார், மார்க்பெட் என்னும் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தைக் கொண்டு இலையை வாங்கச் செய்தது. ஆபத்து வந்த பிறகு கூட்டுறவைத் தேடினார்கள். நடுவதற்கு முன்னால் ஒருவரும் தேடவில்லை.

முன்னாலேயே தேடினவர்களும் தமிழர்களுக்குள் உண்டு. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் துலாவால் நீர் இறைத்து, செம்மண் தோட்டத்தில் ஆட்டுக்கிடையும் தழையுரமும் போட்டு வளர்த்த மெல்லும் புகையிலைக்குத் திருவிதாங்கூரிலே நெடுங்காலமாகக் கிராக்கி இருந்தது. டச்சுக்காரர் காலத்திலேயே அவ்வியாபாரம் பிரசித்தம். மலையாள நாட்டுக்குப் போவதால் அதற்கு மலையாளப் புகையிலை என்றே பெயர். பயிரிடுகிறவர்களோ சிறு தோட்டக்காரர்கள். கடல் கடந்து சரக்கை அனுப்ப அவர்களால் தனித்தனியே ஆகுமா? நடுவிலே வியாபாரிகள் இருந்தார்கள். 1934-ம் வருஷத்தில் அத்தோட்டக்காரர்கள் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். கடன் கொடுக்கும் சங்கம் அன்று, விற்கும் சங்கம். ஒருவருடைய பத்துச் சிப்பத்துக்கு இல்லாத மதிப்பு நூறு பேருடைய ஆயிரம் சிப்பத்துக்கு உண்டு என்பதை அவர்கள் கண்டார்கள்.

ஆனால் சங்கம் எதையும் சாதிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியா சுதந்தரம் அடைந்த பின்னர் அந்தத் திருவிதாங்கூர் வியாபாரம் சுருங்கிப்போயிற்று. ஒரே ஊருக்கு விற்ற பயிர் அந்த ஊரின் கதவு சாத்தினால் என்ன செய்யும்? எவ்வளவு திறமையான சங்கமும் இல்லாத சந்தையை உண்டாக்க முடியாது. நமது வெண்டைக்காயும் கப்பலையோ விமானத்தையோ நம்பிப் போகிற சரக்குத்தான். அதை இப்பொழுதே சொல்லிவைக்கிறேன்.

இதுவரை வாங்குகிறவர் பக்கத்துக் குறையையே பேசினேன். நம் பக்கத்துக் குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் உத்தியோகத்துக்கு அழகல்ல.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் தெற்கே ஒரு ஜில்லாவில் ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்தேன். அச்சங்கம் அங்கத்தினர்களின் விளைபொருளை மொத்தமாக ஒரு கொள்வோருக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தது. விலையும் நியாயம், தராசும் சங்கத்தினுடையது. முதல் வருஷம் நன்றாக நடந்தது. இரண்டாம் வருஷம் வெளிச்சந்தையில் விலை கொஞ்சம் ஏறியது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் அதிகம், அவ்வளவே. இரவு வேளையில் மூட்டைகள் வேறு வழியாகப் போகத் தொடங்கின. சங்கத்தின் கிடங்குக்கு வந்தது பேசின அளவில் பாதிகூட இல்லை. கணக்குப் புத்தகங்கள் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. கூட்டல் கழித்தலில் ஒரு பிழை இல்லை. சரக்கு ஏன் குறைந்தது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. விளைச்சல் குறைவு என்று எழுதியிருந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டேன். மூன்றாம் வருஷம் அந்தக் கொள்வோர் வரவில்லை. வெளிச்சந்தை விலையும் வீழ்ந்தது. அன்று நான் கேட்டிருந்தால் காரியம் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்கவில்லை, அது என் குற்றம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கென்டக்கி, டென்னஸி மாகாணங்களின் எல்லையில் கரும்புகையிலை விளையும் ஒரு பிரதேசம் உண்டு. டியூக் என்பவரின் கம்பெனி வாங்குகிறவர்களை ஒன்றாக்கித் தரை விலைக்கு இலையைக் கேட்டபோது, 1904-ம் வருஷத்தில் அங்குள்ள குடியானவர்கள் கத்ரி என்னும் ஊரில் கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். எல்லா இலையையும் சங்கத்திடம் ஒப்படைத்து, நல்ல விலை கிடைக்கும் வரையில் விற்காமல் நிறுத்துவதென்பது ஏற்பாடு. சங்கத்தில் சேராதவர்களுக்குக் கம்பெனி வேண்டுமென்றே அதிக விலை கொடுத்தது. கோபங்கொண்ட சிலர் முகமூடி அணிந்து, இரவில் குதிரை ஏறிச் சென்று, வெளியே விற்றவர்களின் நாற்றங்கால்களை அழித்தார்கள், கிடங்குகளைக் கொளுத்தினார்கள், மனிதர்களையும் அடித்தார்கள். 1907 டிசம்பரில் ஹாப்கின்ஸ்வில் என்னும் பட்டணத்தையே இரவில் பிடித்துக்கொண்டார்கள். 1911-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் டியூக்கின் கம்பெனியைப் பிரிக்கும்படி உத்தரவிட்டது உண்மையே. ஆனால் பக்கத்து வீட்டானின் நாற்றை அழித்தவனும் இழந்தவனும் அதன் பிறகு ஒரே ஊரில் எவ்விதம் முகம் பார்த்து வாழ்ந்தார்களோ!

அதே 1904-ம் வருஷத்தில்தான், இங்கிருந்து மேற்கே, நமது திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்தில், இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அங்கே ஒருவரும் குதிரை ஏறவில்லை. கடன் வாங்குகிறவன் யார், எதற்கு வாங்குகிறான், திருப்புவானா என்பது பக்கத்து வீட்டானுக்குத் தெரியும்; அந்தத் தெரிவே ஜாமீன். சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் 1895-லும் 1897-லும் சென்னை சர்க்காருக்குச் சமர்ப்பித்த அறிக்கையில், ஜெர்மனி தேசத்து ரெய்பீசனின் கிராமச் சங்கங்களைப் பின்பற்றும்படி வற்புறுத்தியதும் இதை எண்ணித்தான். கடனுக்கு ஒருவரையொருவர் ஜாமீனாகக் கொள்ளும் நாம், விற்பனையில் மட்டும் ஏன் தனித்தனியே போகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருவோம்.

கிலோ 25 ரூபாய் என்று விலை எழுதியிருக்கிறது. நல்ல விலைபோலவே தோன்றும். மூன்றாவது ஷரத்து, "கொள்வோர் திருப்தியுறும் தரமுள்ள காய்" என்கிறது. காயின் நீளம் இத்தனை அங்குலம், புழு இருந்தால் இத்தனை கழிவு என்று ஓர் அளவும் குறிக்கப்படவில்லை. 100 கிலோ கொண்டுபோய் 30 கிலோவைத் தள்ளிவிட்டால் உங்கள் கைக்கு வருவது 1,750 ரூபாய். அதாவது கிலோவுக்கு 17 ரூபாய் 50 காசு. தள்ளின காயை வேறிடத்தில் விற்கலாமா என்றால், ஐந்தாவது ஷரத்து அதையும் தடுக்கிறது. விதை, உரத்தின் கிரயம் எவ்வளவென்று காகிதத்தில் இல்லை. "அப்போதைய விலைப் பட்டியலின்படி" என்றிருக்கிறது. பட்டியல் யாருடையது என்று சொல்லவேண்டுமா? நிறுவை அவர்களுடைய கிடங்கில். பணம் 45 நாள் கழித்து. என் தகப்பனாரின் வியாபாரி எழுதப் படிக்கத் தெரிந்தவராயிருந்து அச்சடித்த காகிதம் வைத்திருந்தால், ஏறக்குறைய இதைத்தான் அச்சடித்திருப்பார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாக நிறுத்தியது ஏழாவது ஷரத்து. எக்காரணத்தால் பயிர் கெட்டாலும் முன்பணம் முழுவதையும் திருப்பவேண்டுமாம். மீஞ்சூரில் பயிர் எக்காரணத்தால் கெடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1960-களின் கடைசியிலேயே இவ்வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது கண்டறியப்பட்டது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் பட்டணத்துக்கு நீர் அனுப்பத் தொடங்கியது. நமது கிணறுகளிலோ கடல்நீர் தானாகவே வந்துகொண்டிருக்கிறது. மாசி பங்குனியில் உப்பேறிய நீரைப் பாய்ச்சி வெண்டை கருகினால், அந்த நஷ்டத்தில் கொள்வோருக்குப் பங்கு இல்லை. ஆழமாகப் போர் போட முன்பணத்தைச் செலவிட்டு, அதிலும் உப்பு நீரே வந்துவிட்டால் என்ன செய்வது?

இவ்வளவும் சொன்னதால் ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. விலை முன்கூட்டியே தெரிவது சிறு விவசாயிக்குப் பெரிய ஆறுதல். கோயம்பேட்டுக்குக் காயை ஏற்றிப்போய், லாரி வாடகைக்கும் போதாமல் திரும்பியவர்கள் இச்சபையிலேயே இருக்கிறீர்கள். ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தமிழ்நாட்டில் 2019-ல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. மாநிலங்களில் இதற்கெனத் தனிச்சட்டம் செய்தது நமதே முதலாவது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும், பேசிய விலையைச் சந்தை இறங்கினாலும் கொடுக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த மூன்று அங்கத்தினரிடமும் கேட்டேன். காகிதத்தில் பதிவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

என் அபிப்பிராயம் இது: இக்காகிதத்தில் எவரும் தனியாகக் கையெழுத்திட வேண்டாம். பயிரிட விரும்பும் அங்கத்தினர் பெயர்களைச் செக்ரட்டரியிடம் கொடுங்கள். சங்கமே ஒரு தரப்பாக நின்று கொள்வோருடன் பேசட்டும். காயை நமது சங்கத்துத் தராசில், நமது கிடங்கில் நிறுக்கவேண்டும். அந்தத் தராசுக்கு முத்திரை போட்ட தேதி எனக்குத் திருப்தியாயில்லை, அதை முதலில் சரிசெய்யவேண்டும். தரத்தை அங்குலத்திலும் எண்ணிக்கையிலும் எழுதவேண்டும். தள்ளின காய் நம்முடையது, அதை நம் இஷ்டப்படி விற்போம். விதை, உரத்தைச் சங்கமே வாங்கிக் கடனாகக் கொடுக்கலாம். வட்டி எவ்வளவென்று உங்களுக்குத் தெரியும், கணக்கு உங்கள் பாஸ் புத்தகத்தில் இருக்கும். உப்பு நீரால் வந்த நஷ்டத்தில் கொள்வோர் பாதியை ஏற்கச் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பார்ப்போம். சம்மதிக்காவிட்டால் முதல் வருஷம் ஒவ்வொருவரும் 25 சென்டுக்கு மேல் போடாதிருப்பது உசிதம்.

அதற்குப் பதிலாக நாம் கொடுக்கவேண்டிய வாக்கு ஒன்று உண்டு. வெளியே இரண்டு ரூபாய் அதிகம் கிடைக்கும் நாளில் மூட்டை வேறு வழி போகாது என்பதே அது. அதைக் கொள்வோருக்குச் சொல்லுமுன் நமக்குள் சொல்லிக்கொள்ளவேண்டும். மகாசபையில் தீர்மானமாக எழுதி, யார் எத்தனை சென்ட் போட்டார், எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்பதைச் சங்கத்துப் பலகையில் வாரந்தோறும் எழுதிப்போடலாம் என்பது என் யோசனை. சிலருக்கு இது பிடிக்காதென்று தெரியும். தெற்கே அந்தச் சங்கத்தில் அப்படியொரு பலகை இருந்திருந்தால் நான் கேட்காத கேள்வியை ஊரார் கேட்டிருப்பார்கள்.

நான் பத்தாம் வகுப்போடு உத்தியோகத்துக்கு வந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஏழாவது ஷரத்தின் வாசகத்தை மாற்றி நான் எழுதிவைத்திருப்பதை வக்கீல் ஒருவர் பார்க்கவேண்டும். அதற்கு நிர்வாகக் குழு அனுமதிக்கவேண்டும். காகிதத்தின் நகல்கள் மேஜைமேல் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் வெகுநேரமாகக் கை உயர்த்திக்கொண்டிருக்கிறார். அவர் கேள்வியை முதலில் கேட்போம்.